எண்ணூறு வருடச் சிலுவைக்கு இரண்டு பூச்சுப் பெயின்ற்

1

“…தகப்பன்ரை பேரும் வேணும், ராசா. சுருக்காமல் முழுசாய்ச் சொல்லும்,” என்றார் ஹாகோப். கையில் பென்சில் வைத்திருந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

நோர்வேயில் ஒருவர் என் முழுப் பெயரைத் தகப்பன் பெயரோடு கேட்டால் நான் சொல்லுமுன் இரண்டு தரம் யோசிப்பேன். சவிரிமுத்து அருள்ராசா என்று வந்த முதல் கிழமையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என்னைச் சவிரிமுத்து என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா கண்ணை மூடி இருபது வருடமாகிறது. இங்கே அவர் இன்னும் பல்லுக் காட்ட வரச்சொல்லிக் கடிதம் பெறுகிறார், நான் போய் வாயைத் திறக்கிறேன்.

நாங்கள் நின்றது ஒஸ்லோவின் புருசெத்தில், எங்கள் குடியிருப்பு முற்றத்தில், குப்பைப் பெட்டிகளுக்கு நேரே. எங்களுக்கு நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நின்றது. முன்பக்கம் முழுவதும் வெள்ளிப் பூச்சு, நடுவில் தங்கச் சிலுவை, ஓரத்தில் சிவப்புக் கரை. கல் ஹாகோப்புடையது. பூசியவன் நான்.

ஏன் பூசினேன் என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் என் பக்கம்தான் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மிச்சப் பாதிப்பேருக்கு என் மகள் டிலானி பதில் சொல்லுவாள்.

2

ஹாகோப்பை நான் முதன்முதல் பார்த்தது அவருடைய முதுகைத்தான். மூன்று வருடத்துக்கு முந்திய இலையுதிர்காலம். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடித்து நாலு மணிக்கு வந்து, சைக்கிளை வைக்கக் கீழறைக்கு இறங்கினேன். உள்ளேயிருந்து ஒரு மனிதர் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார். அப்படியே வந்து என்மேல் மோதி, ஒரு குழந்தைச் சைக்கிளையும் சாய்த்து, மன்னிப்புக் கேட்டார். கள்ளன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எந்தக் கள்ளன் களவெடுத்த இடத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு பின்னோக்கி நடப்பான்?

அறையின் மூலையில், பழைய பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பின்னால், அந்தக் கல் இருந்தது. அவர் ஆர்மேனியாக்காரர். எங்கள் நாலாம் மாடிக்கு மேல் மாடி. வேலை குளியலறைகளுக்கு ஓடு பதிப்பது. சிலுவைக்கு முதுகு காட்டிக்கொண்டு வெளியே போவது அவர்கள் பக்கத்தில் மரியாதை இல்லையாம். அதனால் ஒவ்வொரு மாலையும் ஒரு சைக்கிளாவது விழும்.

நாங்கள் கதைப்பது நோர்வேஜிய மொழி. அவருடையது உடைந்தது, என்னுடையது நசிந்தது. இரண்டு பேருக்கும் ஒரு சொல்கூடத் தவறாமல் விளங்கும். நடுவில் ஒரு நோர்வேக்காரர் வந்து சேர்ந்தால்தான் விளங்காமல் போகும். ஹாகோப் சொன்னதை எங்கடை தமிழில் எழுதத்தான் எனக்கு வரும். ஆகவே அவர் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். என் பெயரில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ‘ராசா’ என்பார். அது எங்கள் பக்கத்தில் செல்லம் என்று நான் இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்.

அவருடைய ஊருக்கு மேலே, மலையைப் பாதி குடைந்தும் பாதி கட்டியும் ஒரு மடம் இருந்தது. துறவிகள் வாழ்ந்த மடம். கட்டி எண்ணூறு வருடம். ஹாகோப் கோபமாக இருந்தால் தொள்ளாயிரம். இளம் வயதில் ஆறு வருடம் அந்தச் சுவர்களைத் திருத்துகிற வேலையில் நின்றவர். வாசலுக்கு இடது பக்கம் சுவரில் ஒரு சிலுவைக்கல். சிலுவையைச் சுற்றிக் கல்லிலேயே லேஸ் பின்னியது போல வேலைப்பாடு. ஒரு இழை மற்றதற்குக் கீழே போகும், பிறகு மேலே வரும், எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று கண் தேடிக் களைத்துவிடும். இப்போது, போரில் எல்லை மாறி, அந்த மடம் அந்தப் பக்கம் போய்விட்டது. பாதை பூட்டு. அந்தக் கல்லைத்தான் அவர் சைக்கிள் அறையில் திரும்பச் செதுக்கிக்கொண்டிருந்தார். நண்பரொருவரின் லொறியில் பல நாடு கடந்து வந்த எரிமலைக் கல், பழுத்த மாதுளந்தோல் நிறம். பார்த்துச் செய்ய ஒரேயொரு படம்தான் இருந்தது. அதிலும் தங்கச்சியின் கலியாணக் கூட்டம் முன்னால் நிற்கிறது.

“மணவாளப் பொம்பிளையின்ரை தோளுக்குப் பின்னாலை இருக்கிறதை மட்டும் நான் மனசிலையிருந்து செய்யிறன்,” என்றார். “அவள் கொஞ்சம் மெல்லிசாய் இருந்திருந்தால் எனக்கு ஒரு மாசம் மிச்சம்.”

ஆட்கள் சொல்லுகிற வசனங்களைப் பொறுக்கி வைப்பது என் பழக்கம். மனைவி ரெஜினா பொலித்தீன் பைகளை மடித்து வைக்கிறதுபோலத்தான். ஹாகோப்பிடம் பொறுக்கியது ஒரு கட்டு இருக்கும்.

மடத்துச் சுவர் முழுவதும் எழுத்தாம். யார் தோட்டம் கொடுத்தது, யார் கூரை போட்டது, சாந்து குழைக்க யார் தண்ணீர் அள்ளியது என்று பெயர் பெயராக வெட்டியிருக்கும். வாசிக்கிறவன் அந்தப் பெயருக்காக ஒரு மன்றாட்டுச் சொல்லவேண்டும். எனக்கு உடனே பிடிபட்டது. உபயம்! எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவில் மின்விசிறியின் செட்டைகளிலும் உபயகாரரின் பெயர் இருந்தது. சுழன்றால் பெயர் தெரியாது என்று அவர் அதைப் போடவே விடமாட்டார். இதை ஹாகோப்புக்குச் சொன்னபோது சிரித்து உளியைக் கீழே வைத்தார். சுவரில் பெரியவர்களின் எழுத்துக்குக் கீழே சின்னச் சின்னச் சிலுவைகளும் இருக்குமாம். அவை யாத்திரையாக நடந்து வந்த சனங்கள் தங்கள் கையாலேயே கொத்தியவை, கோணலும் மாணலுமாக.

ஒருநாள் அவர் சொன்னதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். “எண்ணெய் படும்வரைக்கும் இது குளியலறை ஓடுதான், ராசா. சாமியார் வந்து எண்ணெய் பூசி மந்திரிச்சால்தான் சிலுவை. அங்கை போய் நிண்டு கும்பிட எனக்கு இனி ஏலாது. இஞ்சை ஒண்டு நிண்டால் காணும்.”

அவர்களுடைய சாமியார் சுவீடனிலிருந்து வருடத்துக்கு ஒருமுறைதான் ஒஸ்லோவுக்கு வருவார். ஹாகோப்புக்கு அறுபத்தாறு வயது, முதுகில் இரண்டு தட்டு விலகியிருக்கிறது. இன்னொரு கல் செதுக்க முடியாது என்று வைத்தியர் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

3

கல்லை முற்றத்தில் நிறுத்தக் குடியிருப்புச் சபையின் அனுமதி வேண்டும். சபையில் நானும் ஒருவன். எப்படி என்று கேட்காதீர்கள். ஆண்டுக் கூட்டத்தின் நடுவில் தேங்காய்ப்பால் வாங்கிவரச் சொல்லி ரெஜினா போன் எடுத்தாள். வெளியே போய்க் கதைத்துவிட்டு வந்தேன், எல்லோரும் எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

தலைவி ப்யோர்க். எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை. பனிக்காலத்தில் சறுக்குக் கட்டையிலேயே கடைக்குப் போய்வருவார். ஹாகோப்பின் விண்ணப்பத்தை மேசையில் வைத்தார். இது எந்த வகைக்குள் வரும் என்பதுதான் முதல் கேள்வி. பிள்ளைகள் ஏறுவார்களா என்று ஒருவர் கேட்டார். ஏறினால் அது விளையாட்டு உபகரணம், அடியில் றபர் விரிப்புப் போடவேண்டும். யாராவது அதன்மேல் உட்காருவார்களா என்று இன்னொருவர் கேட்டார். உட்கார்ந்தால் அது பெஞ்சு, வாங்கு; வாங்குக்குச் சாய்மானம் வேண்டும். ப்யோர்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது சமயச் சின்னமா என்றார். பொது முற்றத்தில் சமயச் சின்னம் வைக்க விதி விடாது.

சபையில் இருந்த இரண்டு வருடத்தில் நான் முதன்முதலாக வாய் திறந்தது அப்போதுதான். டிலானி பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுடைய வீட்டுவேலையில் கேட்ட சொல்: “குல்தூர்ஆர்வ்.” பண்பாட்டு மரபு. அந்தச் சொல்லுக்கு இங்கே இருக்கிற மதிப்பு எங்கள் ஊரில் ஆயருக்கும் இல்லை. எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எண்ணூறு வருடம் என்று சேர்த்துச் சொன்னேன். அனுமதி கிடைத்தது.

வருகிற சாமியார் மந்திரிப்பாரே, அதற்கு என்ன செய்வது என்று நான் பயந்து பயந்து கேட்டேன். ப்யோர்க் யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். “பாடினால் பண்பாடு. பேசினால்தான் சமயம். அவர் பாடட்டும்.” இதையும் பொறுக்கி வைத்திருக்கிறேன்.

மிஞ்சியது திசை. கல் வாங்குகளைப் பார்த்து நிற்கட்டும் என்றது சபை. ஹாகோப் மறுத்துவிட்டார். சிலுவை மேற்கே பார்க்கவேண்டும், அப்போதுதான் கும்பிடுகிறவன் கிழக்கே பார்ப்பான், மடத்தில் அப்படித்தான். எங்கள் முற்றத்துக்கு மேற்கே இருப்பவை கடதாசிப் பெட்டி, கண்ணாடிப் பெட்டி, சாப்பாட்டுக் கழிவுப் பெட்டி. “குப்பை கொட்ட வாறவனும் மனுசன்தானே,” என்றார். குறிப்பேட்டில் அதை ப்யோர்க் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதினார்.

4

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் குடியிருப்பின் டுக்நாட். பயப்படாதீர்கள், எங்கள் ஊர்ச் சிரமதானம்தான், கூடவே கோப்பியும் வாஃபிளும். அன்றைக்கே சாமியாரும் வருகிறார். ஹாகோப்புக்கு அந்தக் கிழமை மலைப்பக்கம் ஒரு விடுமுறை வீட்டில் குளியலறை வேலை. முடித்துக்கொண்டு, சனிக்கிழமை காலை விமான நிலையத்துக்குப் போய்ச் சாமியாரை ஏற்றிக்கொண்டு நேரே வருவார். போகுமுன் சைக்கிள் அறைத் திறப்பை என்னிடம் தந்தார். கல்லை வெளியே கொண்டுபோய் நிறுத்தி, தூசி துடைத்து, ஆயத்தமாக வைக்கவேண்டும்.

ஆயத்தம். இந்தச் சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? எனக்கும் அதேதான் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மரியதாசைக் கூப்பிட்டேன். என் கூட்டாளி, பக்கத்து ட்வெய்ட்டாவில் இருக்கிறான், மன்னார் ஆள், பஸ் ஓட்டுகிறான். பிரிட்ஜ் ஏற்றுகிற தள்ளுவண்டி அவனிடம் உண்டு. இரண்டு பேரும் முக்கி முனகிக் கல்லைக் கொண்டுவந்து நிறுத்தினோம். துடைத்தோம். எட்டி நின்று பார்த்தோம்.

மரியதாஸ் கனநேரம் பார்த்தான். “மச்சான், இதை இப்பிடியே விடப்போறியளோ?”

“ஏன், என்ன?”

“சுவாமி வாறார். திருநாள். ஒரு பூச்சுக்கூட இல்லாமல் வெறுங்கல்லாய் நிக்குது. அந்தாள் பாவம், முதுகு ஏலாத மனுசன், பெயின்ற் அடிக்க நேரம் கிடைச்சிருக்காது. நீங்கள் தீவார் இப்பிடித்தான், பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு உதவி செய்யத் தெரியாது.”

நான் யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்தவன், எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கோவிலில் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை பெயின்ற் வாடை தீவு முழுக்க அடிக்கும். சுவருக்கு, கொடிமரத்துக்கு, சுரூபங்களுக்கு, எல்லாவற்றுக்கும் புதுப்பூச்சு. பூசாத சிலுவைக்கு முன்னால் பூசை நடந்ததை நான் கண்டதில்லை. எங்கள் கோவில் புனிதர் சந்தியோகுமையார் ஏறியிருக்கிற குதிரைச் சுரூபத்துக்கு என் சின்ன வயதில் காது இருந்தது. வருடத்துக்கு ஒரு பூச்சு ஏறி ஏறி, நான் நாட்டைவிட்டு வெளிக்கிடும்போது அது காது மறைந்து, மூக்கு மறைந்து, நீர்யானை மாதிரி நின்றது. ஒருவரும் குறை சொல்லவில்லை. அந்த வருடம் பளபளப்பாக இருக்கிறதா என்றுதான் பார்த்தோம்.

மரியதாசின் காரில் பெயின்ற் ரின்கள் இருந்தன, மாதா சுரூபத்தின் பீடத்துக்கு அடித்து மிஞ்சிய எனாமல். வெள்ளி, தங்கம், கொஞ்சம் சிவப்பு. நான் லேஸ் வேலைக்கு வெள்ளி அடித்தேன். அவன் சிலுவைக்குத் தங்கம் அடித்தான். கல் தாகத்தோடு இருந்தவன் மோர் குடிப்பது போலப் பெயின்றைக் குடித்தது. “இன்னும் கேக்குது,” என்று மரியதாஸ் இரண்டாம் பூச்சும் கொடுத்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது, வெள்ளி முடிந்துவிட்டதால் விட்டுவிட்டோம். கோப்பி குடித்தோம். கடதாசி போட வந்த ஒரு சோமாலியப் பெண்மணி வடிவாக இருக்கிறது என்றார். படம் எடுத்துச் சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பினோம். கனடாவிலிருந்து மட்டும் பதினொரு கைகூப்பு வந்தது.

5

ஐந்து மணிக்கு டிலானி வந்தாள். பல் வைத்தியம் படிக்கிறாள், அன்றைக்கு கிளினிக் நாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

“அப்பா. உது ஆர் செய்தது?”

நானும் மரியதாஸ் மாமாவும் என்றேன், பெருமையாகத்தான்.

“ஹாகோப்பைக் கேட்டனீங்களோ?”

“இதுக்கென்ன கேக்கிறது? வடிவாய்த்தானே இருக்கு.”

அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மெதுவாக, நோர்வேஜியமும் தமிழும் கலந்து, பல் நோயாளிக்கு விளக்குவது போல விளக்கினாள். இழை எங்கே கீழே போகிறது, எங்கே மேலே வருகிறது என்று அவர் ஒவ்வொரு மாலையும் எண்ணி எண்ணி வெட்டியதைச் சொன்னாள். உளி பட்ட தடம்கூடத் தெரியவேண்டும் என்றுதான் அவர் தேய்க்காமல் விட்டாராம்.

“நீங்கள் ரெண்டு வின்ரரை மூடிப்போட்டீங்கள், அப்பா.”

உனக்கெப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்டேன். தெரியும், நான் அங்கைதானே இருந்தனான் என்றாள். ஞாயிறு பூசைக்கு வா என்றால் படிப்பு இருக்கிறது என்பவள், திருநாளுக்கு வா என்றால் எக்ஸாமன் என்பவள், இரண்டு பனிக்காலம் சைக்கிள் அறையில் ஹாகோப்புக்கு லாம்பு பிடித்திருக்கிறாள். பல்லிடுக்குக் கறை சுரண்டும் ஊசியால் இழைகளுக்கு நடுவிலிருந்த கல்தூளை எடுத்துக் கொடுத்ததும் இவள்தான். பிள்ளை கோவிலை விட்டுத் தூரப் போய்விட்டாள் என்று ரெஜினாவும் நானும் அழுதது, நாலு மாடி இறங்கினால் எங்கள் காலுக்குக் கீழே இருந்த இடத்தைப் பார்க்காமல்.

அப்போதுதான் கல்லை உற்றுப் பார்த்தேன். எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே பளபளப்பு. எனக்குக் குதிரையின் காது ஞாபகம் வந்தது.

தின்னர் தேடி எடுத்துவந்து துடைத்தேன். வெள்ளி இன்னும் உள்ளே இறங்கியது. டிலானி தன் ஊசிப்பெட்டியைத் திறந்து, முகமூடி போட்டு, நெற்றி லைற்றையும் கட்டிக்கொண்டு கல்லின் வாய்க்குள் வேலை செய்வது போல ஒரு மூலையில் தொடங்கினாள். ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு கடைவாய்ப் பல்லளவு இடம் வெளித்தது. “இந்த வேகத்திலை டிசம்பர் நத்தாருக்குத்தான் முடியும்,” என்றாள். வெயில் இன்னும் இருந்தது, ஆனால் அவள் விரல் மரத்துவிட்டது.

மரியதாசுக்குப் போன் எடுத்தேன். நாளைக்குத் தனக்கு வேலை என்றான். நாளைக்கு உனக்கு லீவு என்றல்லவா சொன்னாய் என்றேன். ஓம், வேலைக்குப் போகத்தான் அந்த லீவு என்றான்.

ஹாகோப்புக்கும் எடுத்தேன். இரண்டாவது மணியில் நானே வெட்டிவிட்டேன். இதை ரெஜினாவுக்குச் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சொல்லுகிறேன்.

6

சனிக்கிழமை காலை ப்யோர்க் கல்லைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு படிவம் கொண்டுவந்து தந்தார். இந்த நாட்டில் ஏதாவது வழக்கத்துக்கு மாறாக நடந்தால் அதற்கென்று ஒரு விலகல் அறிக்கை உண்டு, அதைச் சபை உறுப்பினர் நிரப்பவேண்டும். விலகல் யாரால் ஏற்பட்டது என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். மீண்டும் நிகழாமல் என்ன நடவடிக்கை என்ற இடத்தில், பெயின்ற் ரின்களைப் பூட்டி வைத்தல் என்று எழுதினேன். ப்யோர்க் என் இலக்கணத்தைத் திருத்திக் கையெழுத்து வாங்கினார்.

மரியதாஸும் வந்து சேர்ந்தான். வேலை என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. இலைவாரியை எடுத்துக்கொண்டு, வாரிய இடத்தையே திரும்பத் திரும்ப வாரினான்.

பதினொன்று தாண்டி ஹாகோப்பின் வான் வந்தது. கூட ஒரு இளம் சாமியார், கையில் சின்னத் தோல்பை. ஹாகோப் இறங்கி, கல்லைப் பார்த்து, தொப்பியைக் கழற்றினார். பிறகு திரும்பவும் போட்டுக்கொண்டார். சாமியாருக்கு ஒன்றும் தெரியாது. இது புருசெத் வழக்கமா என்று மரியாதையாகக் கேட்டார். ஹாகோப் போய்க் கடதாசிப் பெட்டிக்குப் பக்கத்தில் சீமெந்து விளிம்பில் உட்கார்ந்தார்.

நான் பின்னால் போனேன். திருநாள் வழக்கத்தைச் சொன்னேன். ஆயத்தம் என்றால் எங்களுக்கு என்னவென்று சொன்னேன். குதிரையைப் பற்றிக்கூடச் சொன்னேன். ஹாகோப் சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

“ஆயிரம் வருசம்,” என்றார் கடைசியில்.

ஆயிரத்தை நான் அதுவரை கேட்டதில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

சாமியார் கல்லின் முன்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் கல்லுக்குள் இறங்கவேண்டும், இதில் வழிந்துவிடும், இந்தப் பெயின்ற்றின்மேல் தன்னால் பூச முடியாது என்றார். இரண்டு மணிக்கு இன்னொரு ஊரில் ஒரு ஞானஸ்நானம் இருக்கிறது, அடுத்த முறை வருவது அடுத்த வருடம். இலைவாரிகள் எல்லாம் நின்றுவிட்டன.

டிலானிதான் ஹாகோப்பிடம் போனாள். அருகில் குந்தியிருந்து என்னவோ சொன்னாள். பிறகு அவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து தான் சுரண்டிய மூலையைக் காட்டினாள். ஹாகோப் குனிந்து அந்தக் கடைவாய்ப் பல்லளவு இடத்தை விரலால் தடவினார். ஒன்றரை மணித்தியாலமா என்று கேட்டார். ஓம் என்றாள். அவர் ஏதோ முணுமுணுத்தார்.

“பின்பக்கம் வெறுங்கல்லாய்த்தானே கிடக்கு, ஹாகோப்,” என்றாள் அவள். “நடந்து வந்த சனம் கொத்தின மாதிரி ஒரு சின்னச் சிலுவை கொத்தலாமோ?”

ஹாகோப் கல்லைச் சுற்றிப் போனார். பின்பக்கத்தை விரல் மடித்துத் தட்டிப் பார்த்தார். பிறகு வானுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்தார், பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டார், முழந்தாளில் இருந்தார். லேஸும் இல்லை, இழையும் இல்லை. மேலிருந்து கீழே ஒரு கோடு, இடமிருந்து வலம் ஒரு கோடு, நாலு முனையிலும் சின்ன விரிவு. கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. கொஞ்சம் கோணல். அவர் கை கோணலாக வெட்டாது. வேண்டுமென்றே வெட்டினாரா என்றும், சிலுவை கிழக்கே பார்ப்பது பரவாயில்லையா என்றும் நான் இன்னும் கேட்கவில்லை.

சாமியார் போத்தலைத் திறந்து, பெருவிரலில் எண்ணெய் தொட்டுப் பூசினார். கல் உடனே குடித்தது. அந்த இடம் கருஞ்சிவப்பாகியது. சாமியார் பாடினார், ஹாகோப் கூடப் பாடினார், எங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாவிட்டாலும் இலைவாரி பிடித்தவர்கள் எல்லாம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றோம். நடுவில் ஒரு இடம் பேசுவது போல இருந்தது. ப்யோர்க் என்னைப் பார்த்தார். அதுவும் பாட்டுத்தான், கொஞ்சம் மெதுவான பாட்டு என்றேன். ப்யோர்க் தலையாட்டினார். முடிந்தபோது ஹாகோப் தன் கைத்தலத்தைக் கல்லின்மேல் வைத்து, எடுக்காமல் நின்றார். அவர் அழுதாரா என்று கேட்டால், முற்றத்தில் அன்று தூசி அதிகம்.

சாமியாரை வாஃபிள் மேசைக்குக் கூட்டிப்போனார்கள். நான் ரின்களை எடுத்துவைக்கப் போகும்போதுதான் ஹாகோப் பென்சிலோடு வந்து பெயர் கேட்டார். ராசா என்றுதான் தெரியுமே என்றேன். அது போதாதாம், தகப்பன் பெயரும் வேண்டுமாம். படிவம் நிரப்பிவிட்டேன், கையெழுத்தும் போட்டாயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. சொன்னேன், சுருக்காமல், முழுதாக.

அவர் கல்லின் பின்பக்கம் போய்க் குந்தி, எண்ணெய்ச் சிலுவைக்குக் கீழே ஆர்மேனிய எழுத்தில் மெதுவாக எழுதினார். சவிரிமுத்துவிலேயே ஓரம் வந்துவிட்டது. பெருமூச்சு விட்டு அடுத்த வரிக்குப் போனார். மரியதாசையும் கூப்பிட்டுக் கேட்டு எழுதினார். டிலானியின் பெயர் அதற்கு முன்னமே அங்கே இருந்தது.

“இதென்ன, ஹாகோப்?”

“எங்கடை மடத்துச் சுவரிலை கை வைச்ச எல்லாரின்ரை பேரும் இருக்கும், ராசா. கூரை போட்டவன், தண்ணி அள்ளினவள். கதவை உடைச்சவன் ஒருத்தன், அவன்ரை பேரும் இருக்கு.”

“இதிலை நான் ஆர்? கூரை போட்டவனோ, கதவை உடைச்சவனோ?”

“எண்ணூறு வருசம் கழிச்சு வாசிக்கிறவன் அதை யோசிக்கட்டும்.”

பென்சிலைக் காதில் செருகினார். தன் பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டி, பட்டியைப் பின்னால் இழுத்து இறுக்கினார். பிறகு என்னை முழந்தாளில் இருத்தி, இடது கையில் உளியையும் வலது கையில் சுத்தியலையும் வைத்துவிட்டு, என் பெயரின் முதல் எழுத்தில் தன் விரலை வைத்துக் காட்டினார்.